இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளின் சர்க்குலர்

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ரிக்‌ஷாக்காரர்கள் அந்த அம்மாளைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மழையில் ஆபீஸிலிருந்து வந்து இறங்கிய நான், சேலையூரில் அவர் வீட்டு அடையாளத்தைச் சொல்லி வண்டி கேட்டேன். ரிக்‌ஷாக்காரர் பெடலில் வைத்த காலைக் கீழே எடுத்துவிட்டார்.

"இன்ஸ்பெட்டரம்மா வூட்டாண்டயா? முனையில வுட்டுர்றேன், நடந்து பூடும்மா. போன வாரம் வெளக்கு இல்லாம ஓட்டிகினு போனேன்னு நிக்க வெச்சி கேள்வி கேட்டாங்க. இன்னா படிச்சே, கொயந்தைங்கோ இஸ்கூலுக்குப் போவுதா, பொம்பளப் புள்ளைய ஏன் நிறுத்திட்டே, எல்லாம் கேட்டாங்க. போலீசு கூட இந்த மாரி பேஜார் பண்ணாது."

அவருக்கும் போலீஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெண்கள் பள்ளிக்கூடங்களை மேற்பார்வையிடும் இன்ஸ்பெக்ட்ரஸாக ஜில்லா ஜில்லாவாக வேலை பார்த்து, ஓய்வு பெற்று, சேலையூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டிக்கொண்டு வந்தவர். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பறைக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவதுதான் அவர் உத்தியோகமாக இருந்தது. உத்தியோகம் முடிந்துவிட்டது. உள்ளே போய் உட்காரும் பழக்கம் மட்டும் முடியவில்லை. அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆகவே இங்கேயும் அது வேண்டாம்.

கஞ்சி போட்ட நூல் புடவை, தோளில் குத்திய ஒரு சின்ன புரூச், காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ, ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல் எங்கள் சபையில் பாஸ்டர் உட்பட யாருக்கும் இருக்கவில்லை.

நான் சொல்ல வந்தது அவர் நடத்திய சர்க்குலரைப் பற்றி. அவரும் என் அப்பாவும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் பலர் ஓய்வு பெற்ற பிறகு தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று மனை வாங்கி வந்து சேர்ந்திருந்தார்கள். மற்றவர்கள் பாளையங்கோட்டை, நாகர்கோவில், பெங்களூர் என்று சிதறிக் கிடந்தார்கள். யார் எங்கே எப்படி இருக்கிறார்கள் என்ற செய்தியைத் திரட்டி, சில மாதங்களுக்கு ஒரு தடவை சைக்ளோஸ்டைல் செய்து எல்லோருக்கும் தபாலில் அனுப்புவது அந்த அம்மாளின் வேலை. அந்த வேலையை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. முன்பு செய்துகொண்டிருந்தவரிடமிருந்து அவரே வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

நான் அப்போது பாரிமுனையில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. முப்பது வயது தாண்டியவள், கல்யாணமாகாதவள், டைப் அடிக்கத் தெரிந்தவள். இந்த மூன்றும் சேர்ந்தால் சபை ஜனங்கள் நடுவில் எல்லா வேலையும் நம் தலையில்தான் விழும். சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் உட்கார்ந்து மெழுகுத் தாளில் டைப் அடித்து ஸ்டென்சில் வெட்டுவேன். தப்பு விழுந்தால் சிவப்பு மருந்தைத் தடவி ஊதிக் காயவைக்க வேண்டும். அந்த நாள் முழுக்க விரலில் அந்த வாசனை இருக்கும். சர்க்குலர் ஆங்கிலத்தில்தான் வரும். நான் தமிழில் சொல்கிறேன்.

செய்தி அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். இன்ன பதவியில் சேர்ந்து, இன்ன பதவியில் ஓய்வு பெற்றேன், இன்னின்ன கமிட்டியில் இருந்தேன், பெரியவன் அமெரிக்காவில், சின்னவள் புருஷனோடு டில்லியில். அந்த அம்மாள் சிவப்புப் பென்சிலை எடுத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதுவார்: "சரி, இப்போது?"

அது ஒன்றுதான் அவருடைய கேள்வி. அதைத் தபாலில் கேட்டுப் பதில் வராவிட்டால் நேரில் போவார். பதில் வந்தாலும் போவார், சரிபார்க்க.

குரோம்பேட்டையில் ஒரு ரிட்டயர்டு ஜில்லா ஜட்ஜ் இருந்தார். தான் வேலை பார்த்த ஊர்கள், கொடுத்த தீர்ப்புகள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக டைப் செய்து அனுப்பியிருந்தார். அந்த அம்மாள் ஒரு விடியற்காலையில் எலெக்ட்ரிக் ரயிலில் குரோம்பேட்டை போய், அவருடைய தெருமுனையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வந்தார். சர்க்குலரில் வந்தது இவ்வளவுதான்: 'குரோம்பேட்டையில் இருக்கிறார். காலை வேளைகளில் தெருக்குழாயடியில் குடங்களின் வரிசையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் பொறுப்பேற்ற பிறகு அங்கே சண்டை குறைந்திருக்கிறது.'

ஜட்ஜ் கார் வைத்துக்கொண்டு சேலையூருக்கே வந்துவிட்டார். நான் அப்போது மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"என்னோட சர்வீஸ் எங்கேம்மா?" என்றார், சர்க்குலரைத் தட்டிக் காட்டி.

"அது கெஜட்லயே வந்தாச்சு சார். நம்ம ஆளுங்களுக்கு நீங்க இப்ப என்ன பண்றீங்கன்னு தெரியணும்."

"இப்ப நான் ஒண்ணும் பண்ணலையே."

"நான் வந்து பாத்த அன்னிக்கு அந்தப் பச்சைக் குடத்துக்காரி முந்தி வந்தும் ஏன் அவளைப் பின்னால நிறுத்தினீங்க?"

ஜட்ஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் பிடிப்பதையும், அதனால் அவளுடைய இரண்டாவது குடத்துக்கு முறை எப்படி வரும் என்பதையும் விளக்க ஆரம்பித்தார். காப்பி இரண்டு தடவை வந்தது. போகும்போது சர்வீஸைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பொழிச்சலூர் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே குடியிருந்த ஒரு ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி புரொபசர், தான் ரோஜாத் தோட்டம் போட்டு அமைதியாக வாழ்வதாக எழுதியிருந்தார். பல்லாவரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தோம். தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அமைதிக்கே அங்கே இடம் இல்லை. ரோஜாவும் இல்லை. குச்சி குச்சியாகச் சில செடிகள் நின்றன. நடுவில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

புரொபசர் வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். "வரப்போறீங்கன்னு ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டிருந்தா ஆட்டைக் கட்டிப் பின்னால விட்டிருப்பீங்க."

"ரோஜா இருந்தது மேடம். நிஜமா இருந்தது. பக்கத்து வீட்டு ஆடு தின்னுடுச்சு. சண்டைக்குப் போனேன். அவங்க ஊரைக் காலி பண்ணிகிட்டுப் போறோம்னு ஆட்டை என் தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஆடு எப்படி?"

அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். "பெருசு கொஞ்சம் புத்திசாலி," என்றார். 'ரோஜா வளர்க்க முயன்றார். இப்போது ஆடு வளர்க்கிறார். ஆடுகள் நன்றாக இருக்கின்றன' என்று வந்தது. அடுத்த மாதமே நாகர்கோவிலிலிருந்து ஒரு பழைய மாணவர் அவருக்கு ஆட்டு வைத்தியம் பற்றி நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் இருவரும் படிக்கிற காலத்தில் ஹாஸ்டலில் அடிதடி சண்டை போட்டவர்களாம்.

இதையெல்லாம் கேட்டு அந்த அம்மாளை வேடிக்கையான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. அவரைக் கண்டு பயந்தவர்கள் அதிகம். 'சி.ஐ.டி.' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். செய்தி அனுப்புவதையே நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. எனக்கே சில சமயம் ஆத்திரம் வரும். ஒரு மனிதர் தன் வயதான காலத்தில் நாலு பேர் முன்னால் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லிக்கொண்டால்தான் என்ன? அதை அவரிடமே கேட்டும் இருக்கிறேன்.

"பூசி மெழுகினது அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு நினைக்கிறியா கிரேஸ்?" என்றார். "எழுதி அனுப்பிட்டு, யாரும் வந்து பாத்துடக் கூடாதேன்னு கதவைச் சாத்திகிட்டு உக்காந்திருப்பாங்க. நான் எத்தனை ஸ்கூல்ல பாத்திருக்கேன். ரிஜிஸ்தர்ல பிரமாதமா இருக்கும். உள்ளே போனா டீச்சரம்மா அழுதுகிட்டிருப்பா."

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் இருந்தார். அவரும் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். எங்கள் கார்டுக்கு ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: 'எழுதுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.' நாங்கள் போனபோது அவருடைய கணவர் பக்கவாதம் வந்து கட்டிலில் கிடந்தார். மனைவி அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காகக் கிடப்பவரின் முதுகில் ஒரு புண் இல்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கட்டிலைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் பார்த்தார். திரும்பி வரும்போது ரயிலிலேயே செய்தியை எழுதினார்.

'பீர்க்கன்கரணையில், நகர முடியாத ஒரு மனிதரை நாள் முழுவதும் கவனித்துக்கொள்கிறார். நம்மில் வேறு யாரும் இப்போது இவ்வளவு நல்ல வேலை செய்வதாக எனக்குத் தெரியவில்லை.' அதுதான் செய்தி. அந்தச் சர்க்குலர் போன பிறகு பெருங்களத்தூரிலிருந்து இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு மத்தியானங்களில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள். பீர்க்கன்கரணை அம்மாள் வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தார். ஆராதனை முடிந்ததும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளோ, "வீட்டுல யாரு இருக்கா? சரி, சீக்கிரம் போங்க" என்றார்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா தபால் இலாகாவில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் தேவசகாயம். ஓய்வு பெற்ற புதிதில் நன்றாகத்தான் இருந்தார். அடுத்த வருஷம் அம்மா இறந்துபோனாள். அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார். முதலில் மார்க்கெட் போவதை விட்டார். பிறகு சபைக்கு வருவதை. பிறகு தினமும் ஷேவ் செய்துகொள்வதை. கடைசியில் வாசல் கேட்டைத் தாண்டுவதையே விட்டார். முன்னறையில் பிரம்பு நாற்காலியில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் காலையில் போகும்போது எப்படி இருந்தாரோ அப்படியேதான் சாயங்காலம் வரும்போதும் இருப்பார். பேப்பர் பிரிக்காமல் கிடக்கும். டாக்டர் வந்து பார்த்தார். இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது, வெளியில் நடக்கச் சொல்லுங்கள் என்றார். நடக்கச் சொன்னால், "எங்கே?" என்பார்.

ஒவ்வொரு சர்க்குலருக்கும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து எதிரில் உட்காருவார்.

"சொல்லுங்க மிஸ்டர் தேவசகாயம். இப்ப என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லே."

"ஒண்ணுமில்லேன்னு போட முடியாது."

"அப்ப போடாதீங்க."

போடவில்லை. அவரும் ஒவ்வொரு தடவையும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

பழைய மாணவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வயது அறுபதைத் தாண்டிய கூட்டம் அது. சர்க்குலர் கைக்கு வந்ததும் முதலில் தேடுவது தெரிந்த பெயர்களை. ஒரு பெயர் தொடர்ந்து வராவிட்டால் யாரிடமும் கேட்க மாட்டார்கள். கேட்பது நாகரிகம் இல்லை என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அப்படித்தான் பாளையங்கோட்டையிலிருந்து அப்பாவின் வகுப்புத் தோழர் ஒருவர், தேவசகாயம் குடும்பத்தாருக்கு என்று முகவரி எழுதி ஒரு அனுதாபக் கடிதம் போட்டுவிட்டார். அதைப் பிரித்துப் படித்தது அப்பாதான்.

நான் ஆபீஸிலிருந்து வந்ததும் அதை என்னிடம் நீட்டினார். "ஸ்டீபன் எழுதியிருக்கான். நான் போயிட்டேன்னு ரொம்ப வருத்தப்படறான். இங்கிலீஷ் நல்லா இருக்கு."

"இப்பவே பதில் போடணும்பா. நான் எழுதறேன்."

"எதுக்கு? தப்பா ஒண்ணும் எழுதலையே. கொஞ்சம் முந்திகிட்டான், அவ்வளவுதான்." பேப்பரை மடியில் சரிசெய்துகொண்டார். "அதைப் பத்திரமா வெச்சுக்கோ. மறுபடி ஒரு தடவை அவனை எழுத வைக்க வேண்டாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குரலில் வருத்தம்கூட இல்லை. என் அப்பா உட்கார்ந்தபடியே போய்விடத் தீர்மானித்துவிட்டார் என்று எனக்கு அப்போது புரிந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் இரண்டு தெரு ஓடினேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வெளியே புறப்பட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நின்றபடியே கேட்டார். அப்புறம் குடையைச் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்குச் சனிக்கிழமை. வா. கடைசிப் பக்கம் ஸ்டென்சில் பாக்கி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவர் என்னிடம் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: 'மிஸ்டர் தேவசகாயம் உயிரோடு இருக்கிறார். சேலையூரில் தன் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வேறு எதுவும் செய்வதில்லை. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. நம் வகுப்பில் மிகக் கெட்டிக்காரர் அவர்தான் என்பதால் இதைத் தெரிவிப்பதில் எனக்கு வெட்கமாக இருக்கிறது.'

"இதை நான் அடிக்க மாட்டேன் ஆன்ட்டி," என்றேன்.

"ஏன்? பொய்யா?"

"எல்லாரும் படிப்பாங்க. அப்பா மனசு உடைஞ்சு போயிடும்."

"மனசு உடையறவர், அந்த லெட்டரைப் பாத்தப்பவே உடைஞ்சிருக்கணும். செத்துட்டார்னு எழுதினவனோட இங்கிலீஷ் நல்லா இருக்குன்னு சொல்றார். அவருக்குள்ள வருத்தம் முடிஞ்சு போச்சு கிரேஸ். கோபம் மிச்சம் இருக்கான்னு பாக்கணும்." தாளை என் பக்கம் தள்ளினார். "ஒரு வார்த்தை பொய்யா இருந்தாச் சொல்லு. எடுத்துடறேன்."

திரும்பப் படித்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அடித்தேன். சிவப்பு மருந்துக்கு வேலையே வரவில்லை. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதும் உண்மை.

அடுத்த சனிக்கிழமை தபால்காரர் சர்க்குலரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். உள்ளூர்க்காரர்களுக்கும் அந்த அம்மாள் தபாலில்தான் அனுப்புவார். அரைநாள் ஆபீஸ் முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது மணி இரண்டரை இருக்கும். அப்பா நடு அறையில் நின்றுகொண்டிருந்தார். கையில் சர்க்குலர். தலைமுடி கலைந்திருந்தது.

"பீரோ சாவி எங்கே?"

"என் பையில இருக்குப்பா. எதுக்கு?"

"காலையிலேர்ந்து தேடறேன். வீட்டுச் சாவியை எல்லாம் ஆபீஸுக்குத் தூக்கிகிட்டுப் போறது என்ன பழக்கம்? என் வெள்ளைச் சட்டையை எடு. பேன்ட் எடு."

எடுத்துக் கொடுத்தேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து ஷூவை அவரே இழுத்துத் துடைத்தார். கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினார். நான் கொஞ்சம் பின்னால் விட்டு நடந்தேன். எதிர்வீட்டு அம்மாள் கையிலிருந்த முறத்தோடு வாசலுக்கு வந்து பார்த்தார். அப்பா யாரையும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கேட்டருகிலேயே நின்றிருந்தார்.

"வாங்க மிஸ்டர் தேவசகாயம்."

"வரல. இது என்ன?" சர்க்குலரை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"சர்க்குலர்."

"மூணு வருஷம் ஒரே கிளாஸ்ல உக்காந்திருக்கோம். ஒரு வார்த்தை உங்ககிட்ட மரியாதைக் குறைவாப் பேசியிருப்பேனா? இப்ப பாளையங்கோட்டை வரைக்கும் என் மானத்தை வாங்கிட்டீங்க."

"எது தப்புன்னு சொல்லுங்க. அடுத்ததுல திருத்திப் போடறேன்."

"எல்லாமே தப்பு."

"நாற்காலியில உக்காந்திருக்கலையா?"

"என் வீடு. என் நாற்காலி."

"அதைத்தான் போட்டிருக்கேன்." அந்த அம்மாளின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சரி, நாற்காலியில இல்லே. இப்ப என்ன பண்றீங்க?"

"இப்பவா? உங்க வாசல்ல நின்னு உங்களோட சண்டை போட்டுகிட்டிருக்கேன்."

"அதைப் போடலாம்."

அப்பாவின் கண் உள்ளே வராந்தா மேஜைமேல் போனது. வெளியூர் சர்க்குலர்கள் இன்னும் தபாலில் சேர்க்காமல் கட்டுக்கட்டாக அங்கே இருந்தன. அப்பா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஒரு கட்டைக் கையில் எடுத்தார்.

"இது யார் கட்டினது?"

"நான்தான்."

"நாகர்கோவிலும் பல்லாவரமும் பெங்களூரும் ஒரே கட்டுலயா? இதுல ஜில்லாவே எழுதல. இது எந்த ஊர் ஆத்தூர்? ஊருக்கு ஊர் ஆத்தூர் இருக்கு. பிரிக்கிறவன் தலையில அடிச்சுப்பான்." இன்னொரு கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அதையும் டக்கென்று வைத்தார். "இத்தனை வருஷம் இப்படியா அனுப்பிகிட்டிருக்கீங்க? வெட்கமா இருக்குன்னு எனக்கு எழுதறீங்க. திங்கட்கிழமை வந்து காட்டறேன். அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க."

விடுவிடுவென்று இறங்கித் தெருவுக்குப் போய்விட்டார். நான் கூடவே வருகிறேனா என்றுகூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா திங்கட்கிழமை போனார். அந்த வாரம் முழுக்கப் போனார். சர்க்குலர் அனுப்பும் வேலை அவர் கைக்கு வந்தது. அதோடு அந்த அம்மாளோடு சண்டை போடும் வேலையும் நிரந்தரமானது. எழுபதுகளின் பாதிவரை இரண்டு பேரும் ஊர் ஊராகச் சேர்ந்து போய்ச் செய்தி திரட்டினார்கள். முடிச்சூரில் வயல் வரப்பில் நின்றுகொண்டு வழி பற்றி இருவரும் போட்ட சண்டையைக் கேட்டு, வேலையை விட்டுவிட்டு ஆட்கள் கூடிவிட்டார்களாம். அப்பா இறந்தது ஆஸ்பத்திரியில், ஒரு வார நிமோனியாவில். அந்த ஒரு வாரமும் முகவரிகளைப் பற்றித்தான் கவலைப்பட்டார். நிறைவாகப் போனார் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, அப்பா கேட்டைத் தாண்டிப் போன பிறகு நடந்த ஒன்றை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் உள்ளே போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "கொஞ்சம் தண்ணி கொண்டு வா" என்றார். டம்ளரை வாங்கியபோது கையிலும் புடவையிலும் தண்ணீர் சிந்தியது. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா?"

"காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடல. முனைக்குப் போயி, போஸ்ட்மேன் உங்க தெருவுக்குள்ள திரும்பினதைப் பாத்துட்டு வந்தேன். அப்பலேர்ந்து இங்கேயேதான் நிக்கறேன்."

காலை பதினொரு மணிக்கு வருகிற தபால் அது. அப்பா தேடிக்கொண்டிருந்த பீரோ சாவி பாரிமுனையில் என் கைப்பையில் இருந்த நேரமெல்லாம் இவர் இந்தக் கேட்டில் வெயிலில் நின்றிருக்கிறார்.

"அப்பா வருவார்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாது." தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "படிச்சுட்டு, 'ஆமா, சரியாத்தான் எழுதியிருக்கா'ன்னு சொல்லிட்டு மறுபடியும் சாஞ்சு உக்காந்திருந்தார்னா? மணி ஆக ஆக அப்படித்தான் ஆயிருக்கும்னு நினைச்சேன். நாம ஒரு மனுஷனை முடிச்சுட்டோம்னு நினைச்சேன்."

"வராம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"உங்க வீட்டுக்கு வந்து, அவர் முன்னால முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதுக்கும் அவர் எழுந்திருக்கலேன்னா..." அவர் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியல கிரேஸ்."

தெரியவில்லை என்று அந்த வாயால் அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் அதுவரை மரியாதை இருந்தது, பயம் இருந்தது. அந்தப் படியில்தான் பிரியம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய ஈரக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தெருக்கோடியில் அப்பா இன்னும் தெரிந்தார். நடுத்தெருவில், கையை வீசி வீசி, தனக்குத்தானே உரக்க எதையோ திட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்தார். அப்பா ஒதுங்காமல் அவரையும் திட்டினார். அவர் முனை திரும்பி மறைகிறவரை நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.